நான்கு எல்லையும் தண்ணீர்

1. சிரித்த அதிகாரி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஐ.டி.ஓ. ஒரு ஃபைலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐ.டி.ஓ. என்றால் வருமான வரி அதிகாரி. அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. நான் அவரிடம் இன்ஸ்பெக்டர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். ஒரு காகிதத்தில் எது பொருந்தவில்லையோ அங்கேதான் என் கண் முதலில் போகும்.

“இதைப் படிய்யா,” என்று ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

விற்ற சொத்தின் விவரம் என்ற இடத்தில் இப்படி டைப் அடித்திருந்தது: வடக்கே தண்ணீர். தெற்கே தண்ணீர். கிழக்கே தண்ணீர். மேற்கே தண்ணீர். இதற்கு உட்பட்ட, தகப்பன் வழியில் வந்த மீன்பிடி உரிமை. விலை நாற்பதாயிரம் ரூபாய்.

ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு, போட்டவர் பெயர் எத்திராஜ். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்காரர். குப்பத்தின் பெயர் வேண்டாம். சென்னை இறால் கம்பெனி ஒன்றுக்கு அந்தப் பக்கத்து ஏஜென்ட்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நாளில், நீண்ட காலம் கையில் இருந்த சொத்தை விற்று வந்த லாபத்துக்குத் தனிச் சலுகை உண்டு. முதல் ஐயாயிரம் அப்படியே கழியும். மீதியில், நிலமோ கட்டடமோ என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து கழியும். வேறு சொத்து என்றால் பெரும்பாலும் நாற்பது. அந்தப் பிரிவே பிற்பாடு சட்டத்திலிருந்து போய்விட்டது. பழைய சொத்துக்கு அசல் விலை தெரியாவிட்டால் 1964 ஜனவரி முதல் தேதி என்ன விலை போயிருக்குமோ அதை அசலாகக் காட்டலாம்.

ஆடிட்டர் கணக்கு இதுதான். விற்ற விலை நாற்பதாயிரம். அறுபத்து நாலாம் வருட மதிப்பு பதினெட்டாயிரம். லாபம் இருபத்திரண்டாயிரம். அதில் ஐயாயிரம் கழிவு. மீதி பதினேழாயிரத்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது ஆறாயிரத்து எண்ணூறு, கழிவு. ஆக வரிக்கு உட்பட்டது பத்தாயிரத்து இருநூறு. இதோடு கம்பெனி கொடுத்த கமிஷன் எட்டாயிரத்து ஐநூறு. மொத்தம் பதினெட்டாயிரத்து எழுநூறு. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மூவாயிரத்து எழுநூறைக் கழித்தால் பதினைந்தாயிரம்.

அந்த வருடம் பதினைந்தாயிரம் வரை வரி கிடையாது.

“ஒரு ரூபா மேல போகல பாரு. தையக்காரன் அளவெடுத்த மாதிரி இருக்கு,” என்றார் ஐ.டி.ஓ.

2. தண்ணீரின் மதிப்பு

மறுநாள் ஆடிட்டரை வரச் சொன்னோம். சஃபாரி சூட், கையில் தோல் பை. தண்ணீருக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழே கொண்டுவந்திருந்தார். 1964 ஜனவரி முதல் தேதி நிலவரப்படி, பதினெட்டாயிரம்.

“நாப்பது பர்சென்ட் எப்படிப் போட்டீர்? நிலத்துக்கு இருபத்தஞ்சுதானே?” என்றார் ஐ.டி.ஓ.

“இது நிலம் இல்ல சார். தண்ணி.”

“தண்ணிக்குக் கீழ நிலம் இருக்குமே?”

“அது கவர்மென்ட் நிலம் சார். மேல வலை கட்டுற உரிமை மட்டும்தான் எங்க கட்சிக்காரரோடது. அங்க அதுக்குப் பாடுன்னு பேரு.”

“யார் வாங்கினது?”

ஒப்பந்தத்தை நீட்டினார். வாங்கியவர் மயிலாப்பூரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ரிட்டர்னில் இருந்த பிரீமிய ரசீதைப் பார்த்தேன். அதிலும் அதே பெயர். நான் கேட்டேன்: “இவர் உங்களுக்கு உறவா?”

“மச்சினன்,” என்றார் ஆடிட்டர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “மீன் பிடிக்கறதுல அவனுக்கு ரொம்ப ஆர்வம்.”

அவர் போனபின் ஐ.டி.ஓ. சொன்னார்: “போய்ப் பாத்துட்டு வாய்யா. அந்தச் சொத்து இருக்கா, அதுக்கு விலை இருக்கா, மச்சினன் வலை கட்டுறானா. மூணே கேள்வி.”

3. சோடாக் கடை பாய்

பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு பஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஐஸும் சோடாவும் விற்கும் காதர் பாயின் கடை. குப்பத்துக்குப் படகு எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன். என் தோல் செருப்பையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்தார்.

“சார் பேங்க்கா?”

“இல்ல.”

“பேங்க் இல்லன்னா அதவிடப் பெரிசு,” என்று கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் கிளம்பினார். கூப்பிடாமலே வந்தார். அவர் படகு, அவர் ஆள். பாதி ஏரியில் பாடு என்றால் என்ன என்று கேட்டேன்.

“முறை சார். ஏரியில இன்ன எடத்துல இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம்னு சீட்டுப் போட்டு எடுப்பாங்க. நல்ல எடம், மட்டமான எடம், எல்லாம் மாறி மாறி வரும். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளைக்கும் நோட்டுல ஒரு பேரு. அப்பன் பேருக்கப்புறம் மகன் பேரு.”

“விலை என்ன போகும்?”

பாய் சிரித்தார். ஊர் வழக்கம் தெரியாமல்தான் இப்படிக் கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும்.

4. கேட்கக் கூடாத விதத்தில் ஒரு கேள்வி

குப்பத்துத் தலைவர் தேசப்பன் வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, நெருக்கமாக வெட்டிய தலை. என்னை உட்காரச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். பாடு நோட்டைக் கேட்டேன். நாற்பது பக்க நோட்டு, பழைய சினிமா நோட்டீஸில் அட்டை. எத்திராஜ் பெயர் பதினோராவதாக இருந்தது.

சொத்து இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன். நாளிதழில் பழகிய வழக்கம், சுற்றி வளைக்காமல் கேட்பது.

“எத்திராஜ் தன் பாடு உரிமையை ஒருத்தருக்கு வித்துட்டதா எங்க பேப்பர்ல இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

தேசப்பன் நோட்டை மூடினார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேரின் கைகளும் நின்றன.

“யாருக்கு?”

“மயிலாப்பூர்ல ஒருத்தருக்கு.”

வெளியே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: “மயிலாப்பூரா? அங்கதான் கோயில் கொளம் கீதே, அதுல கட்டிக்கச் சொல்லு வலைய!”

யாரும் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது. எத்திராஜைக் கூட்டிவந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைக்கடிகாரம், சட்டைப்பையில் இரண்டு பேனா. பின்னாலேயே அவர் மனைவி அஞ்சலை, இடுப்பில் மீன் கூடையோடு.

“இன்னா எத்திராஜு, பாடு வித்துட்டியாமே?” என்றார் தேசப்பன்.

“யார் மாமா சொன்னது?”

“கெவுருமெண்டு சொல்லுது.”

எத்திராஜ் என்னைப் பார்த்தார். விலை நாற்பதாயிரம் ரூபாய் என்று சொல்லி, ஒப்பந்தத்தின் நகலை நீட்டினேன். அவர் கையெழுத்து அதில் அழகாக இருந்தது.

“இது இங்கிலீசு மாமா. போடுன்னாரு ஆடிட்டரு, போட்டேன். வேனு வாங்கறதுக்கு பேங்குல லோன் கேட்டேன். கையில கீற காசு எப்டி வந்துச்சுன்னு காயிதம் குடுன்னாங்க. ஆடிட்டரு, ‘உங்கப்பா வழியில இன்னா சொத்து கீது’ன்னாரு. பாடு கீதுன்னேன். ‘போதும், நான் பாத்துக்கறேன்’னாரு. அவ்ளோதான். விக்கல மாமா, சத்தியமா விக்கல.”

“வெளியாளுக்கு வித்தவன் பேரு நோட்டுல நிக்காது. அவன் புள்ளைங்க பேரும் ஏறாது. தெரியுமில்ல?”

“தெரியும் மாமா.”

“செரி, விக்கல. அப்போ நாப்பதாயிரம் ஏது?”

எத்திராஜ் கைக்கடிகாரத்தைத் திருகினார். அவர் மாட்டிக்கொண்ட விதம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. விற்றேன் என்றால் நோட்டில் பெயர் போய்விடும். விற்கவில்லை என்றால் பணம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். எந்த வழியில் வந்தது என்பது அந்தக் கொட்டகையில் இருந்தவர்களிடம் சொல்லக்கூடியது அல்ல.

கூடையைக் கீழே வைத்தது அஞ்சலைதான்.

“வாயத் தொறய்யா. எறாக் காசுன்னு சொல்லு. காசு போனா சம்பாரிச்சுக்கலாம். பாடு போச்சுன்னா நம்ம புள்ளைங்க கரையில நின்னு அடுத்தவன் வலையத்தான் பாத்துகினு இருக்கணும்.”

“எந்த எறாக் காசு?” என்றார் தேசப்பன்.

“ஐஸ் கழிவு மாமா,” என்றார் எத்திராஜ். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த சீசன் முழுக்க, கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஐஸ் செலவு என்று சொல்லி எல்லாருடைய இறால் விலையிலும் பிடித்திருக்கிறார். இருபதாயிரம் கிலோவுக்கு நாற்பதாயிரம். எல்லாருடைய தலைகளும் ஒரே நேரத்தில் காதர் பாய் பக்கம் திரும்பின.

“பாய், கிலோவுக்கு ஐசு எவ்ளோ ஆவும்?”

“என்னை ஏன் நைனா இதுல இழுக்கறீங்க?” என்றார் பாய். ஆனால் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. “ஐசு கம்பெனி வண்டியிலயே வந்துடுது. எத்திராஜ் இந்த சீசன் பூரா என்கிட்ட வாங்கினது ரெண்டு சோடா. அதுல ஒண்ணு கடன்.”

பிறகு எழுந்த சத்தத்தை நான் எழுத முடியாது. பலதும் அச்சுக்கு ஆகாதவை. ஒருவர் எத்திராஜின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். வேன் வாங்கினால் அதன் நாலு சக்கரத்திலும் ஊர்ப் பேரை எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். ஆனால் முடிவு அரை மணி நேரத்தில் வந்தது. எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு வருடம் ஆகும்.

கம்பெனியைக் கூட்டிவந்தது எத்திராஜ். அலைந்த கூலிக்குக் கிலோவுக்கு எட்டணா வைத்துக்கொள்ளட்டும். மீதி ஒன்றரை ரூபாய், மொத்தம் முப்பதாயிரம், அவரவருக்குத் திரும்ப வேண்டும். பணக் குற்றம் அதோடு தீர்ந்தது.

பாடு விஷயம் தீரவில்லை. தேசப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “காயிதத்துல வித்தான்னு கீது. நாளைக்கு அந்த மயிலாப்பூர்க்காரன் இத்த எடுத்துகினு கோர்ட்டுக்குப் போவான். அதனால காயிதத்துலயே விக்கலன்னு வரணும், சீலு போட்டு. வர்ற பௌர்ணமிக்குச் சீட்டு. அதுக்குள்ள வரலைன்னா எத்திராஜு சீட்டு பானையில விழாது.”

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது.

திரும்பும்போது படகில் பாய் சொன்னார்: “சார், ‘எத்திராஜுக்குப் பாடு இருக்கா’ன்னு கேட்டிருந்தா அது கேள்வி. ‘வித்துட்டானாமே’ன்னு பத்துப் பேர் முன்னால கேட்டீங்க. அது தீர்ப்பு.”

ஒரு வரி செலுத்துபவரின் ரிட்டர்னில் இருப்பதை அப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாது. அது என் தவறு. ரிப்போர்ட்டில் அதை எழுதினேனா என்றால், எழுதவில்லை. ஐ.டி.ஓ.விடம் வாயால் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “மச்சினன் வலை கட்டறானான்னு தெரிஞ்சுட்டு வரச் சொன்னா, நீ ஊரையே கட்டிட்டு வந்திருக்கே.”

5. இரண்டு பூஜ்யம்

நான்காம் நாள் ஆபீஸ் திறக்குமுன் எத்திராஜும் அஞ்சலையும் வாசலில் நின்றார்கள். ஆடிட்டரையும் எப்படியோ பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

“சார், இந்தப் பாடு கணக்கையே அடிச்சுடுங்க. நான் எதையும் விக்கல. எவ்ளோ வரியோ போடுங்க,” என்றார் எத்திராஜ்.

ஆடிட்டர் பதறினார். “யோவ், விவரம் தெரியாம பேசாத. நாப்பதாயிரத்தையும் வியாபார வருமானம்னு ஒத்துக்கிட்டா சலுகை ஒண்ணும் கிடையாது. பத்தாயிரத்துக்கு மேல வரி வரும்.”

“வரட்டும்,” என்றாள் அஞ்சலை. “நீ போட்ட கணக்குல வரி வரல, எங்க பேரு பூட்ச்சு.”

“ஆனா ‘விக்கல’ன்னு சர்டிஃபிகேட் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா,” என்றார் ஐ.டி.ஓ. “நான் குடுக்க முடிஞ்சது ஒண்ணுதான். அசெஸ்மென்ட் ஆர்டர். இவரோட வருமானம் எவ்வளவு, எது வருமானம், எது இல்லன்னு எழுதுவேன்.”

“அதுல சீலு இருக்குமா?”

“இருக்கும்.”

“போதும் சார்.”

எத்திராஜிடம் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் எழுதி வாங்கினேன். திருத்திய ரிட்டர்னை ஆடிட்டரே எழுதினார், உதட்டைக் கடித்துக்கொண்டு. அப்போது அஞ்சலை மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பாடு நோட்டின் அளவுதான். அதில் வரிசையாகப் பெயர், தொகை, பக்கத்தில் கைநாட்டு. இறால் வாசம் வீசியது.

“இது இன்னா பண்றது சார்? முப்பதாயிரம் ஊருக்குத் திருப்பிக் குட்த்துட்டோம். குட்த்த காசுக்கும் வரி கட்டணுமா?”

ஐ.டி.ஓ. அந்தத் தாளில் இருந்த தொகைகளை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார்.

“பணம் எப்படிம்மா புரட்டினீங்க?”

“கொஞ்சம் வேனுக்கு அட்வான்சா பூட்ச்சு. மீதி கையில இருந்துச்சு. கொறஞ்சதுக்கு என் நகைய வெச்சேன்.”

“வித்தீங்களா, அடகா?”

“அடகுதான் சார்.”

“நல்லது. வித்திருந்தா அதுக்கும் கேப்பிடல் கெயின்ஸ் ஒரு பக்கம் எழுதணும். அடகுன்னா நம்ம சட்டத்துக்கு அது தெரியவே தெரியாது.”

பிறகு துண்டுத் தாளில் கூட்டினார். பொய் சொல்லிப் பிடித்ததை ஊரே திருப்பி வாங்கிக்கொண்டது. அது இவருடைய வருமானம் அல்ல, இவர் கையில் இருந்த ஊரார் பணம். ஆக இவருக்கு நின்றது எட்டணாக் கூலி, பத்தாயிரம். கம்பெனி கமிஷன் எட்டாயிரத்து ஐநூறு. இன்ஷூரன்ஸ் கழிவு மூவாயிரத்து எழுநூறு. மிச்சம் பதினாலாயிரத்து எண்ணூறு.

பேனாவை வைத்துவிட்டு ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகச் சிரித்தார்.

“வரி இல்ல.”

எத்திராஜ் நம்பவில்லை. “கொஞ்சமாச்சும் போடுங்க சார். சும்மா விட்டா ஊர்ல நம்ப மாட்டாங்க.”

ஆடிட்டர் பையை மூடினார். “என் கணக்குலயும் ஜீரோ, உங்க கணக்குலயும் ஜீரோ. இதுக்கு ஏன் சார் என்னை இந்த இழுப்பு இழுத்தீங்க?”

“உம்ம ஜீரோவுல ஒரு ஏரி வித்துப் போச்சுய்யா,” என்றார் ஐ.டி.ஓ.

மச்சினன் கையில் இருக்கும் ஒப்பந்தத்தையும் வாங்கிக் கிழித்துப் போடச் சொல்லி ஆடிட்டரை அனுப்பினார். அன்றே ஆர்டரை எழுதினார். ஒரு வரியை என்னிடம் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். “இந்த உரிமையை ஊரார் தவிர எவரும் பெற முடியாது, எனவே இதற்குச் சந்தை இல்லை, சந்தை இல்லாததற்குச் சந்தை மதிப்பும் இல்லை. அது விற்கப்படவும் இல்லை.” பிழை ஏதும் இல்லை என்றேன்.

6. பானை

ஆர்டர் ஆங்கிலத்தில் இருந்தது. பௌர்ணமியன்று எத்திராஜ் அதை எடுத்துக்கொண்டு போனால் படிக்க ஆள் வேண்டும். அது என் வேலை அல்ல. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வருமானக் கணக்கில் யாருக்கும் அக்கறை இல்லை. “விற்கப்படவும் இல்லை” என்ற இடம் வந்ததும் தேசப்பன் கையைத் தூக்கினார்.

“அத்த இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்.”

சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார். பிறகு தாளை வாங்கி, சீலை விரலால் தடவிப் பார்த்தார். பதினோராவது சீட்டை மடித்துப் பானையில் போட்டார். அஞ்சலை கூட்டத்தின் விளிம்பில் நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள். எத்திராஜுக்கு வந்த இடம் எப்படி என்று பாயிடம் கேட்டேன். “சுமாரு,” என்றார். எத்திராஜைப் பார்த்தால், கடல் மீனெல்லாம் நுழையும் ஏரியின் வாயே அவருக்கு வந்ததுபோல் இருந்தது.

ஆர்டரை அவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. சோற்றுப் பசையால் பாடு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். “இது உனுக்கு மட்டும் வந்த காயிதம் இல்ல எத்திராஜு,” என்றார் தேசப்பன்.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு இலாகா அதிகாரி அந்தப் பக்கம் போனபோது, பாடு யாருடையது என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஐ.டி.ஓ. கையெழுத்தைக் காட்டினார்களாம். அந்த அதிகாரி எங்களுக்குப் போன் செய்து, ஒரு தனி ஆளின் வரி ஆர்டரை ஒரு ஊரே பட்டாவாக வைத்திருக்கிறது, இது என்ன கூத்து என்று கேட்டார். அப்போது ஐ.டி.ஓ. பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போயிருந்தார். ஆர்டர் செல்லும், மாற்ற முடியாது என்று நான் சொன்னேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி அவ்வளவு நிச்சயமில்லை.

இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சலுகைப் பிரிவுகளையும் சதவீதத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். அவை வருடா வருடம் மாறும், மறுபடி மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் யாராவது ஒரு சொத்துக்குச் சந்தை மதிப்பு எழுதிக்கொண்டு வந்தால், தொகையைப் பார்க்குமுன் இதை வாங்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேளுங்கள். ஓய்வு பெறும் வரை நான் அதைக் கேட்டேன். தனியாக அழைத்துக் கேட்டேன்.